விலக்கம் என்று எழுதியவர்

கோமதிநாயகம் சார் இறந்துபோன செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பாடவேளையில் எனக்கு வந்தது. ராஜபாளையத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் பள்ளியில் தலைமையாசிரியர் அறையில் மட்டும்தான் தொலைபேசி உண்டு. பியூன் வகுப்பு வாசலில் வந்து நின்று, "சார், சங்கரன்கோவில்ல இருந்து போன். லைன்லயே இருக்காங்க" என்றார். அங்கிருந்து எனக்கு யாரும் போன் செய்வதில்லை. கையிலிருந்த சுண்ணக்கட்டியை வைக்க மறந்து அப்படியே போனேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பியவர், பேருந்து நிலையத்துக்கு எதிரே சைக்கிளை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். அவருக்கு இன்னும் ஐம்பது வயது நிறையவில்லை.

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறது என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, இனி அந்த நாள் இல்லை என்று தெரியும்போது வருகிற பயம்.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இந்த நினைவு மலரை வாசிப்பீர்கள். உங்களில் பலருக்கு அவரைப் பற்றி ஒரு கதை தெரியும். கேள்வித்தாளில் 'திட்ட விலக்கம்' என்று இருக்க வேண்டியதைத் 'திட்ட விளக்கம்' என்று அச்சடிக்க விட்டவர், புள்ளியியல் வாத்தியாருக்கே தன் பாடத்தின் எழுத்து தெரியவில்லை என்று ஆசிரியர் கூட்டங்களில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியை இன்று சொல்கிறேன்.

மேல்நிலை வகுப்புகள் ஆரம்பித்த புதிதில் நாங்கள் இருவரும் சங்கரன்கோவிலில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் வணிகப் பிரிவு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தினார். நான் தமிழாசிரியன். கிட்டத்தட்ட ஒரே வயது. அவர் என்னை 'வே' என்பார். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். மற்றவர்கள் முன்னால் மட்டும் 'சார்'.

அவரைப் போலப் பதற்றப்படுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. வகுப்பை முடித்து ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்வார். உட்கார்ந்த உடனே எழுந்து திரும்ப ஓடுவார். என்னவென்றால், கரும்பலகையில் சராசரியைக் குறிக்கும் எக்ஸுக்கு மேல்கோடு போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்திருக்கும். போட்டிருப்பார். என்றாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் தண்ணீர் குடிப்பார். ஒரு நாள் இதற்காக அவரைக் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கோடு இல்லாத எக்ஸ் ஒரு ஆளு வே. கோடு போட்ட எக்ஸ் ஊரு. கோட்ட விட்டுட்டா ஒத்த ஆளு சொன்னத ஊரே சொன்னதா ஆயிரும்" என்றார்.

அப்போது தமிழில் புள்ளியியல் படிக்கிற பிள்ளைகளின் பாடு சிரமம்தான். பாடப்புத்தகத்தில் ஒரு சொல் இருக்கும். கடையில் விற்கிற நோட்ஸில் அதே பொருளுக்கு வேறொரு சொல் இருக்கும். ஆங்கிலவழியில் படித்துவிட்டு வந்த ஆசிரியர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். நிகழ்வெண் என்பதையும் நிகழ்தகவு என்பதையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளை வகுப்புக்கு நான்கு பேர் இருந்தால் அதிசயம். கோமதிநாயகம் சார் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால், இன்ன சொல், இன்ன குறி, இதற்கு இதுதான் பொருள் என்று எழுதிப்போட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து அது அங்கிருந்து தெரிகிறதா என்று பார்ப்பார். ஒரு தடவை ஒரு பையன் 'கால்மானம்' என்ற சொல்லில் புள்ளி வைக்காமல் 'காலமானம்' என்று எழுதிவிட்டான். "கால்வாசிய அளக்கச் சொன்னா ஆளையே முடிச்சிட்டியேடே! புள்ளி வைக்காதவனுக்கு எதுக்குப் புள்ளியியல்?" என்று அவர் கத்தியது பக்கத்து வகுப்பில் இருந்த எனக்குக் கேட்டது. வகுப்பு சிரித்தது. அவர் உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வருடம் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகள் சில சேர்ந்து அரையாண்டுத் தேர்வுக்குப் பொதுவாகக் கேள்வித்தாள் அச்சடிப்பது என்று முடிவானது. புள்ளியியல் தாளைத் தயாரிக்கும் பொறுப்பு கோமதிநாயகம் சாருக்கு வந்தது. அச்சகம் எங்கள் ஊரில்தான், கோவிலுக்குத் தெற்கே ஒரு சந்துக்குள். மெய்ப்புத் திருத்த என்னையும் கூப்பிட்டார்.

"நீரு தமிழப் பாரும், நான் குறியப் பாக்கேன்" என்று வேலையைப் பிரித்தார்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். சுடலை என்பவர்தான் எழுத்துக் கோத்தார். அந்த அச்சகத்தில் பெரிய சிக்மா அச்சு இல்லை. கூட்டல் தொகையைக் குறிக்கிற எழுத்து அது; புள்ளியியல் தாளில் அது இல்லாமல் முடியாது. 'எம்' எழுத்தைப் படுக்கப் போட்டால் சிக்மா மாதிரியே இருக்கும் என்று சுடலை யோசனை சொன்னார். போட்டும் காட்டினார். நல்ல யோசனை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கோமதிநாயகம் சார் குனிந்து பார்த்தார். "மாதிரி இருக்கு. ஆனா சிக்மா இல்ல. இது படுத்துக் கிடக்கிற எம். பிள்ளைக கண்டுபிடிச்சிரும்" என்றார். பிறகு, புளியங்குடி ரோட்டில் இருக்கிற இன்னொரு அச்சகத்தில் அந்த அச்சு கிடைக்குமா பார்க்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் போனார்.

அவர் இல்லாத அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

கடைசிப் பக்கத்தின் மெய்ப்பு என் கையில் இருந்தது. 'கீழ்க்காணும் விவரங்களுக்குத் திட்ட விலக்கம் காண்க' என்று ஒரு கேள்வி. கீழே பத்து விவசாயிகளின் பருத்தி விளைச்சல் ஒரு அட்டவணையாக இருந்தது. திட்ட விலக்கம் என்பது புள்ளியியலில் ஓர் அளவின் பெயர். கணக்குப் போட்டுக் காண வேண்டியது. எனக்கு அது தெரியாது. திட்டம் என்றால் எனக்கு ஐந்தாண்டுத் திட்டம், அணைத் திட்டம். அதை எதற்கு விலக்குவார்கள்? ல, ள வித்தியாசம் தெரியாமல் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். சிவப்பு மையால் 'ல'வை அடித்து, ஓரத்தில் 'ள' என்று எழுதினேன். விளக்கத்தை எப்படிக் காண முடியும்? அதனால் 'காண்க' என்பதையும் அடித்துத் 'தருக' என்று மாற்றினேன்.

சுடலை எட்டிப் பார்த்தார். "சார் எழுதிக் குடுத்ததுல விலக்கம்னுதான் இருந்துச்சு. நான் பாத்துத்தான் கோத்தேன்."

"இருக்கும். கணக்கு சாருக்கு எழுத்துப் பிழை வரும். அதுக்குத்தான என்னைக் கூட்டியாந்திருக்காரு?" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமை இன்னும் நினைவிருக்கிறது.

கோமதிநாயகம் சார் வியர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தார். ஒரு காகிதப் பொட்டலத்தில் சிக்மா அச்சு நான்கு இருந்தன. சுடலை அவற்றைச் சேர்த்து, என் திருத்தங்களையும் செய்து, புதிதாக ஒரு மெய்ப்பு எடுத்துக் கொடுத்தார். சார் அதில் ஒவ்வொரு குறியாக விரலை வைத்துப் பார்த்தார். தமிழ் வரிகளைப் படிக்கவில்லை. "நீரு பாத்துட்டீருல்ல?" என்று கேட்டார். "பாத்துட்டேன்" என்றேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நாளில் அந்த அறைக்கு நான்தான் கண்காணிப்பாளன். பாதி நேரம் போயிருக்கும். செல்லத்தாய் என்ற பெண் எழுந்து நின்றாள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அதிகம் பேசாதவள்.

"சார், இந்தக் கடைசிக் கேள்வியில திட்ட விளக்கம்னு போட்டிருக்கு. கணக்குப் போடணுமா, எழுதணுமா?"

நான் போய்க் கேள்வித்தாளைப் பார்த்தேன். என் சொல் அச்சில் இருந்தது. "விளக்கம் தருகன்னு தெளிவா இருக்கே. வெளக்கி எழுது" என்றேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். செல்லத்தாய் ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு எதையோ அடித்தாள். புதிய பக்கம் திருப்பி எழுத ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அறையில் கோமதிநாயகம் சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கை நின்றது. அடுத்த தாளை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். எல்லாவற்றையும் கடைசிப் பக்கமாகத் திருப்பி மேஜை முழுக்கப் பரப்பினார். கேள்வித்தாளைத் தேடி எடுத்து மூக்கருகே வைத்துப் படித்தார்.

"விளக்கமா?" என்றார். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. "வே, நான் விலக்கம்னு எழுதினேனே வே. சாதா 'ல' வே. எப்படி இது..."

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. நான் சொல்லியிருக்க வேண்டும். "அச்சகத்துல ஏதாவது..." என்று இழுத்தேன்.

என் தகுதிகாண் பருவம் முடிய அப்போது மூன்று மாதம் இருந்தது. அதற்கு முன் வேறொரு பள்ளியில் நிர்வாகத்தோடு சண்டை போட்டு வேலையை விட்டவன் நான். இங்கேயும் போய்விட்டால் எந்த ஊரில் எனக்கு யார் வேலை தருவார்கள் என்ற எண்ணம் ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. இதை நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் அன்று மாலையே அச்சகத்துக்குப் போனார். நானும் கூடவே போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்ற பயத்தில் போனேன். அங்கே முதலாளி அண்ணாச்சி ஏற்கெனவே சுடலையைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து யாரோ வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஏலே, ஒன்னாலதான் எம் பேரு கெட்டுச்சு. நாளையில இருந்து வராத" என்று அண்ணாச்சி சொல்வது வாசலிலேயே கேட்டது.

சுடலை என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பழைய மெய்ப்புகளைக் குத்தி வைத்திருந்த கம்பியை எடுத்து கோமதிநாயகம் சாரிடம் நீட்டினார். "நான் சரியாத்தான் கோத்தேன் சார். பாத்துக்கிடுங்க."

அவர் ஒவ்வொன்றாக உருவி, அந்தத் தாளைக் கண்டெடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அண்ணாச்சி, சுடலை மேல தப்பு இல்ல. மெய்ப்புல இருந்ததத்தான் அவரு திருத்தியிருக்காரு. கையெழுத்துப் போட்டவன் நான். அவர வரவேண்டாம்னு சொன்னா நான் இங்கன இருந்து எந்திரிக்க மாட்டேன்" என்றார். அண்ணாச்சி முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "கெடச்சுதா வே?" என்று கேட்டேன்.

"கெடச்சுது. வாரும், டீ குடிப்போம்" என்றார். டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? ஆசிரியர் அறை வாசலில் பியூனின் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். பாடம் நடத்தும்போது ல, ள வருகிற சொல் வந்தால் நாக்கு புரளாது. அந்தத் தாளில் இருந்த என் கையெழுத்தைக் கண்டுகொண்டாரா என்று அவர் முகத்தையே தேடிக்கொண்டிருப்பேன். அவர் எப்போதும் போல இருந்தார். அதுதான் என்னை இன்னும் வதைத்தது.

நான்காம் நாள் அவருக்கு மெமோ வந்தது. பிழைக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்த மெமோவில் 'விளக்கம்' என்ற சொல் சரியாக எழுதப்பட்டிருந்தது. தலைமையாசிரியர் அறையில் அவர் நின்று பேசியது வராந்தாவில் இருந்த எனக்குக் கேட்டது.

"மெய்ப்பப் பாத்தது யாரு?"

"நான்தான் சார்."

"தமிழாசிரியரையும் கூட்டிட்டுப் போனீங்கன்னு கேள்விப்பட்டேனே?"

"கடைசியா பாத்துக் கையெழுத்துப் போட்டது நான் சார்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மை முழுவதையும் சொல்லவும் இல்லை. அவருடைய பணிப்பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று ஒரு வரி ஏறியது. இனிப் பொதுக் கேள்வித்தாள் எதையும் அவரிடம் கொடுக்கக் கூடாது என்றும் முடிவானது.

பிள்ளைகளின் மதிப்பெண் விஷயம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. கணக்காகப் போட்டவர்களுக்கு மதிப்பெண் உண்டு, கட்டுரையாக எழுதியவர்களுக்கு இல்லை என்று பள்ளிகள் சேர்ந்து தீர்மானித்துவிட்டன. செல்லத்தாயின் தாளை என்னிடம் காட்டினார். ஒரு பக்கம் முழுக்கத் திட்ட விலக்கம் கண்டிருந்தாள். சராசரி, ஒவ்வொரு விளைச்சலும் அதிலிருந்து விலகும் அளவு, அதன் வர்க்கம், கூட்டுத்தொகை, கடைசியில் வர்க்கமூலம். எல்லாக் குறிகளும் சரியாக இருந்தன. எக்ஸுக்கு மேல்கோடு இருந்தது. அதன் மேல் குறுக்கே ஒரு நீளக் கோடு போட்டு அடித்திருந்தாள். அடுத்த இரண்டு பக்கத்தில் பருத்தி விவசாயத் திட்டங்களைப் பற்றி விளக்கி எழுதியிருந்தாள்.

"அடிச்சது அடிச்சதுதான், மதிப்பெண் போட முடியாதுன்னு ஹெச்.எம். சொல்லுதாரு. ஏன் அடிச்சா? தெரிஞ்ச பிள்ள ஏன் வே அடிக்கணும்?" என்று என்னிடமே கேட்டார்.

எனக்குத் தெரியும். தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பெண் அந்த ஒரு கேள்வியால் தோற்றுப்போனாள். விடைத்தாள் கொடுத்த மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. பரீட்சையில் தோற்ற பெண்ணை எதற்குப் பஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று அவள் அப்பா நிறுத்திவிட்டதாக அதே ஊர்ப் பிள்ளைகள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமதிநாயகம் சார் என் அறைக்கு வந்தார்.

"கரிவலத்துக்குப் போறேன். வாரீரா?"

போனோம். அவள் அப்பா வீட்டு முன்னால் பருத்தியைக் குவித்துப்போட்டு, நல்லதையும் கறை படிந்த கொட்டுப் பருத்தியையும் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து கும்பிட்டார். செல்லத்தாய் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள்.

"மூணு பக்கம் எழுதியும் முட்டை வாங்கியிருக்கா வாத்தியாரே. இவளப் போட்டு இன்னும் எதுக்குச் செரமப்படுத்துதீக?" என்றார் அவர்.

"அவ தப்பு இல்ல. கேள்வியில தப்பு" என்ற கோமதிநாயகம் சார், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவள் போட்டு அடித்த கணக்கை அப்படியே தன் கையால் பிரதி எடுத்து வந்திருந்தார். "இங்கன பாருங்க. பத்துப் பேருக்குப் பருத்தி வெளஞ்சிருக்கு. சராசரி இவ்வளவு. அதுல இருந்து ஒவ்வொருத்தரும் எவ்வளவு விலகி நிக்காகன்னு ஒங்க மக கண்டுபிடிச்சிருக்கா. இதுக்குப் பேருதான் திட்ட விலக்கம்."

அவள் அப்பா தாளைப் பார்க்கவில்லை, பருத்திக் குவியலைப் பார்த்தார். "அதாவது, எல்லாருக்கும் ஒண்ணுபோல வெளஞ்சுதா, இல்ல ஒருத்தனுக்கு அள்ளிக் குடுத்து ஒருத்தனுக்கு இல்லாமப் போச்சான்னு பாக்கது. அதான?"

"அதேதான்! அதேதான் அண்ணாச்சி!" கோமதிநாயகம் சாரின் முகம் பல நாட்களுக்குப் பிறகு மலர்ந்தது.

எனக்கு அப்படியே நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

"அப்பம் இத வெளக்கம்னு மாத்துன ஆளு யாரு?" என்று கேட்டார் அவள் அப்பா.

கோமதிநாயகம் சார், "அது, நான்..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றேன். "நான்தான் மாத்தினேன். இந்தப் பிள்ள பரீட்சை ஹால்ல எந்திரிச்சுக் கேட்டா. வெளக்கி எழுதுன்னு சொன்னதும் நான்தான். அதனாலதான் அடிச்சிருக்கா."

உள்ளே நின்ற செல்லத்தாய்தான் மெதுவாகச் சொன்னாள். "சார் சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த பருத்தியைக் குவியலில் போட்டுவிட்டு, "சரி. கடைசிப் பரீட்சை வரைக்கும் வரட்டும்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பாதி வழி வந்த பிறகு அவர் பேசினார்.

"பதினோரு நாள் ஆச்சு வே."

"எது?"

"மெய்ப்பப் பாத்து. ஒம்ம 'ள'வுக்கு வால் நீளம். அறிவிப்புப் பலகையில தெனமும் பாக்கேன், எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா ஆமான்னுதான் சொல்லியிருப்பீரு. வேற என்னத்தச் சொல்ல முடியும்? நீரா வந்து சொல்லுவீருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மெமோவுக்கு நான் பயப்படல. நீரு சொல்லாமயே இருந்திருவீரோன்னுதான் பயமா இருந்துச்சு."

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "ஒம்ம இஷ்டம். எனக்காகப் போகவேண்டாம்" என்றார்.

திங்கட்கிழமை அந்த அறை வாசல் வரை போனேன். உள்ளே தலைமையாசிரியர் யாரிடமோ கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் ஏதோ ஒன்று. தகுதிகாண் பருவம் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன், அதுவும் முடிந்தது. அதற்குள் அது எல்லாரும் சிரிக்கிற கதையாகிவிட்டது. நான் மாற்றலாகி ராஜபாளையம் வந்தேன். செல்லத்தாய் அந்த வருடமே நன்றாகத் தேறிப் போனாள். தலைமையாசிரியர் பதவிக்கு கோமதிநாயகம் சாரின் பெயர் வந்தபோதெல்லாம் அந்த ஒரு வரியை யாராவது எடுத்துக் காட்டினார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் என்னிடம் ஒருபோதும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் அங்கிருந்த வரை, தன் வகுப்புத் தேர்வுக்கு அவர் எழுதிய ஒவ்வொரு கேள்வித்தாளையும் முதலில் என்னிடம்தான் கொடுத்தார். "தமிழ் சரியா இருக்கா பாரும்" என்பார். அந்தத் தாளை வாங்கினால் ஒவ்வொரு எழுத்தையும் இருமுறை படிப்பேன். ஒரு தடவை அதைக் கவனித்துவிட்டு அவர் சொன்னார்: "தெரியாதவன் விடுத தப்பு கண்ணுக்குத் தெரியும் வே. தெரிஞ்சவன் பண்ணுத திருத்தம் தெரியாது. அதான் அதுக்குப் பயப்படணும்."

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு சங்கரன்கோவில் போயிருந்தேன். வந்தவர்கள் கலைந்த பிறகு அவர் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தக் கேள்வித்தாள் விஷயம் பத்தி அவுக என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. மெமோ வந்தது மட்டும் தெரியும். அவுக தப்பு இல்லன்னு எனக்கு அப்பமே தெரியும். வாசக்கதவப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாக்கவுக, எழுத்த விட்டுருவாகளா? யாரு தப்புன்னுதான் தெரியாது."

"என் தப்பு மதினி" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்கிட்ட சொல்லிட்டீக. சிரிச்சவுக கிட்டயும் சொல்லுங்க" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். அந்தத் தாளில் அவர் எழுதிக் கொடுத்தது 'விலக்கம்' என்றுதான். அதை மாற்றியவன் நான். பணிப்பதிவேட்டில் அந்த வரிக்குக் கீழே இதையும் சேர்க்க வேண்டும் என்று பள்ளிக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். இறந்தவருடைய பதிவேட்டில் எழுத விதி இடம் கொடுக்குமா என்று தெரியவில்லை. பதில் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பதற்றத்தைத்தான். மேல்கோடு போட்டோமா என்று திரும்ப ஓடிப்போய்ப் பார்க்கிற பதற்றம். ஒரு காலத்தில் அதைக் கேலி செய்தேன். இப்போது அது இல்லாமல் என்னால் சிவப்பு மையைத் தொட முடிவதில்லை. போன வாரம் ஒரு மாணவியின் கட்டுரையில் நான் கேள்விப்படாத ஒரு சொல் இருந்தது. தப்பு என்றுதான் கை போனது. பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, "இது என்னது பிள்ள? எனக்குத் தெரியல, சொல்லு" என்று கேட்டேன்.